டாஸில் நெட்வொர்க் பாதை ஏன் முரண்டு பிடிக்கிறது?

பழைய எம்எஸ்-டாஸ் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் மைக்ரோசாஃப்ட்டின் பழைய இயங்குதளம்; சுருக்கமாக டாஸ்) கணினி ஒன்று உங்கள் பொறுப்பில் வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஓர் இயந்திரத்தை இயக்கும் மென்பொருள் அதில்தான் ஓடும், வேறு வழியில்லை. நெட்வொர்க் அட்டையைப் பொருத்தி, சர்வரோடு பேச வேண்டிய கிளையன்ட் மென்பொருளையும் ஏற்றிவிட்டீர்கள். சோதித்துப் பார்க்க இப்படித் தட்டுகிறீர்கள்:

டைப் \\கிடங்கு\பொது\குறிப்பு.டிஎக்ஸ்டி

கோப்பின் வரிகள் திரையில் ஓடுகின்றன. அப்பாடா என்று அடுத்த வரியைத் தட்டுகிறீர்கள்:

சிடி \\கிடங்கு\பொது

அப்படி ஒரு டைரக்டரி இல்லை என்று பதில் வருகிறது. ஒரு விநாடிக்கு முன் அதே இடத்திலிருந்து கோப்பை எடுத்துக் கொடுத்த கணினிதான் இப்படிச் சொல்கிறது.

(கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளைத்தான் தட்ட வேண்டும். ‘டைப்’ ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் கட்டளை. ‘சிடி’ ஒரு டைரக்டரிக்குள், அதாவது ஃபோல்டருக்குள், நுழையும் கட்டளை. ‘கிடங்கு’ என்பது ஒரு சர்வரின் பெயர். ‘பொது’ என்பது அந்தச் சர்வர் மற்றவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் ஷேரின் பெயர்.)

புதிதாக டாஸைத் தொடுகிறவர்கள் இந்த இடத்தில் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார்கள். கேபிளில் ஒன்றுமில்லை. நீங்கள் தட்டும் பாதையை டாஸில் மூன்று பேர் அடுத்தடுத்து வாசிக்கிறார்கள். மூவருக்கும் இலக்கணம் வேறு வேறு. விசித்திரமாகத் தோன்றும் எந்தக் கோளாற்றிலும், தடுக்கி விழுந்தது இந்த மூவரில் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாமவர் கமாண்ட்.காம். நீங்கள் தட்டிய வரியைப் பிரித்து, இது கட்டளை, இது சுவிட்ச் (கட்டளையின் போக்கை மாற்றும் குறி), இது பாதை என்று அடையாளம் காண்பது இவர் வேலை. இரண்டாமவர் டாஸின் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. பாதையை வாங்கி, சுருக்கங்களை விரித்து, முழு வடிவுக்குக் கொண்டுவருபவர். மூன்றாமவர் ரீடைரக்டர். இவர் டாஸோடு பிறந்தவர் அல்லர். நெட்வொர்க் கிளையன்ட்டை ஏற்றும்போது நினைவகத்தில் வந்து குடியேறுபவர். ‘இந்தப் பாதை உள்ளூர் வட்டில் இல்லை’ என்று கர்னல் தீர்மானித்தால், இன்டரப்ட் 2எஃப் என்ற உள் அழைப்பு வழியாக இவரைக் கூப்பிடும். அதற்குப் பிறகு சர்வரோடு பேசுவது முழுக்க இவர் பாடு.

இந்த மூவரும் ஒரே நாளில் வந்தவர்கள் அல்லர். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1981இல் வெளிவந்த முதல் டாஸில் டைரக்டரி என்ற ஒன்றே கிடையாது. ஒரு வட்டு, அதில் கோப்புகள், அவ்வளவுதான். முன்சாய்வுக் கோடு அப்போதே சுவிட்ச்களுக்குப் போய்விட்டது. ‘டிர் /டபிள்யூ’ போல. 1983இல் டாஸ் 2.0 கிளை கிளையாக டைரக்டரிகளைக் கொண்டுவந்தபோது, அவற்றைப் பிரித்துக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. யூனிக்ஸில் அதற்கு முன்சாய்வுதான். இங்கே அந்த இருக்கையில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் பின்சாய்வைப் பிடித்தார்கள். ஆனால் கர்னலுக்கு அந்த வரையறை இல்லை. முன்சாய்வு வந்தாலும் பின்சாய்வு வந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு நிரல் முன்சாய்வோடு பாதை கொடுத்துக் கோப்பைத் திறந்தால் திறக்கும். அதே பாதையை நீங்கள் கட்டளை வரியில் தட்டினால் கமாண்ட்.காம் அதைச் சுவிட்ச் என்று நினைத்துச் சண்டைக்கு வரும். நிரலுக்குள் சரியாக இருக்கிறது, கையால் தட்டினால் தவறு என்கிறது என்று யாராவது சொன்னால் முதலாமவரைச் சந்தேகப்படுங்கள்.

நெட்வொர்க் இன்னும் தாமதமாக வந்தது. 1984இல் டாஸ் 3.0 அதற்கு இடம் ஒதுக்கத் தொடங்கியது, 1985இல் 3.1 பதிப்பில்தான் அது ஒழுங்காக வேலை செய்தது. டிரைவ் எழுத்து இல்லாமல், இரண்டு பின்சாய்வு, சர்வர் பெயர், ஒரு பின்சாய்வு, ஷேர் பெயர் என்று எழுதும் முறை இப்படி உள்ளே நுழைந்தது. அதை யுஎன்சி பாதை என்பார்கள்.

இப்போது சிடி ஏன் மறுத்தது என்று பார்க்கலாம். டாஸில் ‘நான் இப்போது எந்த டைரக்டரியில் நிற்கிறேன்’ என்ற தகவல் டிரைவ் வாரியாகத்தான் சேமிக்கப்படுகிறது. கர்னலிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு டிரைவ் எழுத்துக்கும் அதில் ஒரு வரிசை. சி: டிரைவின் வரிசையில் நீங்கள் சி:-இல் எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதியிருக்கும், டி: வரிசையில் டி:-இன் கதை. நீங்கள் வெறும் \\கிடங்கு\பொது என்று கொடுத்தால் அதை எந்த வரிசையில் எழுதுவது? எழுத்தே இல்லையே. கோப்பைத் திறக்க அட்டவணை வேண்டாம், பாதை போதும். அதனால் டைப் வேலை செய்தது. ஓரிடத்தில் ‘நிற்க’ அட்டவணையில் வரிசை வேண்டும். அதனால் சிடி மறுத்தது. தீர்வு எளிது. மைக்ரோசாஃப்ட் கிளையன்ட்டில் இப்படி ஓர் எழுத்தை வாங்கிக்கொள்ளலாம்:

நெட் யூஸ் எஃப்: \\கிடங்கு\பொது

இனி எஃப்: என்று தட்டி உள்ளே போகலாம், சிடி போட்டு உலாவலாம்.

இந்த அட்டவணையைச் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது. பாதிக் கோளாறுகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் பாதையை எழுத ஒதுக்கியிருக்கும் இடம் 67 பைட். உள்ளூர் டிரைவ் என்றால் ‘சி:\’ என்ற மூன்று எழுத்து போக மீதியெல்லாம் டைரக்டரிப் பெயர்களுக்கு. நெட்வொர்க் டிரைவ் என்றால் அங்கே எழுதப்படுவது எஃப்: அல்ல, \\கிடங்கு\பொது என்ற முழுப் பெயர். சர்வர் பெயர் 15 எழுத்து வரையும், டாஸுக்கு எட்டும் ஷேர் பெயர் புள்ளியையும் சேர்த்து 12 எழுத்து வரையும் போகலாம். இடையில் வரும் சாய்வுகளையும் கூட்டினால் 30 எழுத்து, அதாவது ஏறக்குறைய பாதி இடம், நீங்கள் ஒரு டைரக்டரிக்குள்ளும் நுழைவதற்கு முன்பே தீர்ந்துவிடும். சி: டிரைவில் ஆழமான டைரக்டரி அமைப்பு ஒன்று நன்றாக ஓடியது, அப்படியே சர்வருக்கு நகலெடுத்த பிறகு அடி ஆழத்துக்குப் போக முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், உரிமை அமைப்புகளைத் துருவுவதற்கு முன் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். ஷேரின் பெயரைச் சுருக்கினாலே சரியாகிவிடக்கூடும்.

அதே வரிசையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: ‘வேர்’ எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் எண். சி:\ என்றால் மூன்றாம் எழுத்தில். நெட்வொர்க் டிரைவ் என்றால் ஷேர் பெயர் முடிகிற இடத்தில். ‘சிடி ..’ என்று மேலே மேலே ஏறிப் போனாலும் ஷேரின் வாசலைத் தாண்ட முடியாததற்கு இந்த எண்தான் காரணம். எஃப்:\ என்பது வேர்போலத் தோன்றினாலும், சர்வரில் அது எங்கோ நடுவில் இருக்கும் ஒரு டைரக்டரியாக இருக்கலாம். அக்கால அலுவலகங்களின் இன்னொரு நெட்வொர்க் அமைப்பான நாவெல் நெட்வேரில், டிரைவ் எழுத்து கொடுக்கும் வெறும் மேப் கட்டளையால் ஓர் உள் டைரக்டரிக்கு எழுத்து கொடுத்தால் ‘சிடி \’ உங்களை வால்யூமின் உச்சிக்கே கொண்டுபோய்விடும். ‘மேப் ரூட்’ என்று கொடுத்தால்தான் அந்த டைரக்டரி வேராக நடிக்கும். வேரில் தன் கோப்புகளைத் தேடும் பிடிவாதக்கார நிரல்களுக்கு இது அவசியம்.

நெட்வேரைத் தொட்டுவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டாஸ் டைரக்டரிக்குள் ‘.’, ‘..’ என்று இரண்டு பதிவுகள் உண்மையாகவே இருக்கும். நெட்வேர் சர்வரில் அவை கிடையா. டைரக்டரியைப் பட்டியலிட்டு, அதில் ‘..’ தெரிந்தால்தான் மேலே போகும் வழி உண்டு என்று நம்பும் பழைய நிரல்கள் அங்கே சிக்கிக்கொள்ளும். கிளையன்ட்டின் அமைப்புக் கோப்பில் ‘ஷோ டாட்ஸ் = ஆன்’ என்று ஒரு வரி சேர்த்தால் ரீடைரக்டர் அந்தப் புள்ளிகளைத் தானே இட்டுக்கட்டிக் காட்டும். ஒரே ஒரு வரிதான். அது தெரியாமல் மென்பொருளைக் குறை சொன்னவர்கள் பலர்.

அட்டவணையில் மொத்தம் எத்தனை வரிசை? டாஸ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்.சிஸில் உள்ள லாஸ்ட்டிரைவ் என்ற வரி அதைத் தீர்மானிக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் இ: வரை ஐந்து. இங்கே நெட்வேரின் இரண்டு கிளையன்ட்கள் நேரெதிர்த் திசையில் இழுத்தன. பழைய நெட்எக்ஸ், டாஸின் அட்டவணை எங்கே முடிகிறதோ அதற்கு அடுத்த எழுத்திலிருந்து தன் டிரைவ்களை வைத்துக்கொள்ளும். அதனால்தான் எத்தனையோ அலுவலகங்களில் நெட்வொர்க் டிரைவ் என்றாலே எஃப்: என்று பழகிப்போனது. பின்னால் வந்த விஎல்எம் அட்டவணைக்கு உள்ளேயே இடம் கேட்கும். அதற்கு லாஸ்ட்டிரைவ் இசட் ஆக இருக்க வேண்டும். கிளையன்ட்டை மட்டும் மாற்றிவிட்டு இந்த வரியை மறந்தால் எஃப்: காணாமல் போகும். பழையதோடு இசட் என்று வைத்தால் அதற்கு எதிர்ச் சிக்கல்: இசட்டுக்குப் பிறகு ஆங்கிலத்தில் எழுத்து ஏது? மைக்ரோசாஃப்ட் கிளையன்ட்டும் அட்டவணைக்குள் இடம் தேடுவதுதான். நெட் யூஸ் ஓர் எழுத்தை ஏற்க மறுத்தால் முதலில் கான்ஃபிக்.சிஸைத் திறந்து பாருங்கள்.

சரி, யார் தடுக்கி விழுந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாஸிலேயே அதற்கு ஒரு கருவி இருக்கிறது. ட்ரூநேம் என்ற கட்டளை டாஸ் 4 முதல் கமாண்ட்.காமுக்குள் இருந்தது, ஆனால் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பாதையைக் கொடுத்தால், கர்னல் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று அது காட்டும். புள்ளிகள் விரிக்கப்பட்டிருக்கும், நீளப் பெயர் எட்டும் மூன்றுமாக வெட்டப்பட்டிருக்கும், சப்ஸ்ட் கட்டளையால் ஒரு டைரக்டரிக்கு எழுத்து கொடுத்து உருவாக்கிய போலி டிரைவின் முகமூடி கழன்றிருக்கும். நெட்வொர்க் டிரைவைக் கொடுத்தால் எழுத்து மறைந்து இரட்டைச் சாய்வுப் பெயர் வரும்:

ட்ரூநேம் எஃப்:குறிப்பு.டிஎக்ஸ்டி
\\கிடங்கு\பொது\குறிப்பு.டிஎக்ஸ்டி

விடை நீங்கள் நினைத்ததுபோல இருந்தால், கமாண்ட்.காமும் கர்னலும் குற்றமற்றவர்கள். ரீடைரக்டரையோ சர்வரையோ விசாரியுங்கள். விடையே கோணலாக இருந்தால் சர்வர் பக்கம் போகவே வேண்டாம். நான் எந்தப் பாதைச் சிக்கலிலும் முதலில் தட்டுவது இதைத்தான். டாஸின் இலவச மறுஆக்கமான ஃப்ரீடாஸிலும் இந்தக் கட்டளை உண்டு. லினக்ஸில் டாஸ்எமு போன்ற எமுலேட்டரில் (டாஸ் கணினிபோல நடிக்கும் மென்பொருளில்) ஓட்டுகிறவர்கள் இதைத் தட்டினால் \\லினக்ஸ்\எஃப்எஸ் என்று தொடங்கும் பாதை வந்து திகைக்கவைக்கும். லினக்ஸின் டைரக்டரிகளை டாஸுக்குக் காட்ட அங்கேயும் ரீடைரக்டர் வழிதான் பயன்படுகிறது. சிடி-ராமைக் காட்டிய எம்எஸ்சிடெக்ஸும் அதே வழியில் வந்தது. குறுந்தகட்டை டாஸ் ஒரு நெட்வொர்க் டிரைவ் என்றே நம்பிக்கொண்டிருந்தது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளாகத் தனியாக ஓடிய ஒரு டாஸ் கணினியில் இரவுநேர நகலெடுப்புக்கு ஒரு பேட்ச் கோப்பு (வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு) இருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. நெட்வொர்க் அட்டை பொருத்திய மறுநாளிலிருந்து விடிய விடிய ஓடியது. அட்டை பழுது என்றார்கள், மாற்றினேன். டிரைவர் பழையது என்றார்கள், அதையும் மாற்றினேன். நான்காம் நாள்தான் பேட்ச் கோப்பைத் திறந்து படித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மேலே ஒரு மாறியில் வேர் டைரக்டரி என்ற பொருளில் வெறும் பின்சாய்வை வைத்திருந்தார்கள். கீழே ஒவ்வொரு கோப்புக்கும் ‘%வேர்%\காப்பு\...’ இருக்கிறதா என்று ஒரு சோதனை. மாறியை விரித்தால் என்ன வரும்? \\காப்பு\... வரும். அதாவது ‘காப்பு என்ற பெயருள்ள கணினியைத் தேடு’.

நெட்வொர்க் இல்லாத காலத்தில் கேட்க ஆளில்லை; ‘இல்லை’ என்று நொடியில் பதில் வந்து, பேட்ச் கோப்பு அடுத்த வரிக்குப் போய் வேறு வழியாக நகலெடுத்துவிடும். தவறு அப்போதும் இருந்தது, யார் கண்ணையும் உறுத்தவில்லை. ரீடைரக்டர் வந்த பிறகோ, ஒவ்வொரு கோப்புக்கும் அவர் கேபிள் முழுக்கக் கூவினார்: ‘இங்கே காப்பு என்று யாராவது இருக்கிறீர்களா?’ பதில் வராததால் மறுபடி கூவி, சில விநாடி காத்திருந்து, பிறகுதான் இல்லை என்றார். இப்படி நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு. மாறியில் இருந்த அந்த ஒற்றைச் சாய்வை நீக்கியதும் பழைய வேகம் திரும்பிவிட்டது. பாதைகளை ஒட்டிச் சேர்க்கும் எந்த இடத்திலும், இரண்டு துண்டும் சாய்வைக் கொண்டுவருகின்றனவா என்று பார்த்துவிடுவது அன்றிலிருந்து என் வழக்கம்.

நிரல்களை எந்த டைரக்டரிகளில் தேடுவது என்று பட்டியலிடும் ‘பாத்’ மாறியிலும் இதே தாமதம் ஒளிந்திருக்கும். நெட்வொர்க் டிரைவ் அதில் முன்னால் நின்றால், நடப்பு டைரக்டரியில் இல்லாத எந்த நிரலின் பெயரைத் தட்டினாலும் முதலில் சர்வர் வரை போய்வர வேண்டும். இணைப்பு அறுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதைக் கடைசியில் வையுங்கள்.

பேட்ச் கோப்பு எழுதுகிறவர்களுக்குப் பிடித்த ஒரு தந்திரமும் நெட்வொர்க்கில் காலை வாரும். ஒரு டைரக்டரி இருக்கிறதா என்று அறிய, அதற்குள் ‘நல்’ என்ற கோப்பு உண்டா என்று கேட்பார்கள். நல் என்பது கோப்பே அன்று, ஒரு சாதனம். டாஸ் அது எல்லா டைரக்டரியிலும் இருப்பதாகச் சொல்லும். டைரக்டரியே இல்லாவிட்டால் மட்டும் இல்லை என்னும். உள்ளூர் வட்டில் அருமையான சோதனை. நெட்வொர்க் டிரைவில் இதை நம்பாதீர்கள். எப்போதும் ‘உண்டு’ என்றோ எப்போதும் ‘இல்லை’ என்றோ பதில் வரலாம். அங்கே உண்மையான ஒரு சிறு கோப்பை அடையாளமாகப் போட்டுவைத்து, அதைத் தேடுவதே பாதுகாப்பு.

செக்டிஸ்க், ஃபார்மட், சப்ஸ்ட் போன்றவை நெட்வொர்க் டிரைவைத் தொட மறுப்பதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். முதல் இரண்டும் வட்டின் செக்டர்களை நேரடியாகத் தொட வேண்டும், ரீடைரக்டரிடம் இருப்பதோ கோப்புகள் மட்டும். மறுக்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

பிழை எண்களில் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 53 என்றால் அந்தப் பெயரில் கணினியே அகப்படவில்லை. 67 என்றால் கணினி அகப்பட்டது, அதில் அந்த ஷேர் இல்லை. 67 வந்தபின் கேபிளைச் சோதிப்பது வீண் வேலை. ஷேர் பெயரின் நீளத்தைப் பாருங்கள். விண்டோஸ் என்டியில் நீளமான பெயரில் ஷேர் உருவாக்கினால், சில டாஸ் கணினிகளுக்கு இது எட்டாமல் போகலாம் என்று அதுவே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ‘சரி’யை அழுத்தியிருப்பார்கள்.

இன்றைய சர்வரோடு பழைய டாஸை இணைக்கப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. அது பாதைப் பிழைபோல வேடமிட்டு வரும். மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் கிளையன்ட் பேசுவது, கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் மிகப் பழைய வடிவம். விண்டோஸ் 10இன் 2017ஆம் ஆண்டு 1709 பதிப்பிலிருந்து அந்த முதல் வடிவம் இயல்பாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸ் சர்வர்களில் அதே நெறிமுறையைப் பேசும் சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து இயல்பு அமைப்பில் அதை ஏற்பதில்லை. பாதை எழுத்துக்கு எழுத்து சரி, பிங் போகிறது, ஆனாலும் இணைய முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சர்வரில் பழைய நெறிமுறையைத் திறந்துவிட்டால் வேலை நடக்கும். ஆனால் முழு நெட்வொர்க்குக்கும் அதைத் திறந்துவிடுவது, ஒரு பூனைக்காக வீட்டு வாசலை இரவெல்லாம் திறந்துவைப்பது போன்றது. டாஸ் கணினியோடு மட்டும் பேசும் ஓர் இடைநிலைக் கணினியைத் தனிக் கேபிளில் வைத்து, கோப்புகளை அதன் வழியாகக் கடத்துவதையே நான் செய்வேன்.

கடைசியாக, சிடி மறுத்த அந்தப் பழைய கதை டாஸோடு முடிந்துவிடவில்லை. இன்றைய விண்டோஸின் கட்டளைச் சாளரத்திலும் சிடிக்கு யுஎன்சி பாதையைக் கொடுத்துப் பாருங்கள். யுஎன்சி பாதைகளை நடப்பு டைரக்டரியாக ஏற்பதில்லை என்று அதே மறுப்பு, சற்று நாகரிகமான மொழியில் வரும். அங்கே ‘புஷ்டி’ என்று தட்டினால் அது இசட்டிலிருந்து பின்னோக்கி எண்ணி, காலியாக உள்ள ஓர் எழுத்தைப் பிடித்து, ஷேரை அதில் பொருத்தி, உங்களை உள்ளே கொண்டுபோய் நிறுத்தும். ‘பாப்டி’ என்றால் எழுத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். மறந்துவிட்டுப் புஷ்டியை மட்டும் தட்டிக்கொண்டே போனால் இசட், ஒய், எக்ஸ் என்று எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தீரும்.